காப்புறுதியும் வர்க்க நலனும்: பிரித்தானிய அனுபவம், 1911–1948

அரசாங்க மருத்துவமும் தனியார் மருத்துவமும் தேசிய சுகாதாரக் காப்புறுதி என்ற ஒரே குடையின்கீழ் இணைந்து இயங்கலாம் என்ற கருத்து பல நாடுகளிலும் மீண்டும் மீண்டும் முன்வைக்கப்படுவதொன்று. இரு துறைகளின் நற்பண்புகளும் அதனால் ஒன்றுசேரும் என்பது ஆதரவாளர் கூற்று. இதனை விருப்பு வெறுப்பின் அடிப்படையிலன்றி வரலாற்றின் அடிப்படையில் நோக்குதல் வேண்டும். அத்தகைய இணைப்பு முப்பத்தைந்து ஆண்டுகள் நடைமுறையிலிருந்த நாடு பிரித்தானியா. அங்கே பொதுப்பணம் எவ்வழியாகச் சென்றது, யாரைச் சேர்ந்தது, யாரை விலக்கிற்று என்ற வினாக்களே இக்கட்டுரையில் எமக்கு வழிகாட்டுவன.

இத்திட்டத்தின் முன்மாதிரி ஜேர்மனியில் உருவானது. 1878இல் சமதர்மவாதிகளுக்கு எதிரான சட்டத்தைக் கொணர்ந்த பிஸ்மார்க்கே 1883இல் தொழிலாளருக்கான நோய்க் காப்புறுதிச் சட்டத்தையும் நிறைவேற்றினார். தொழிலாளர் இயக்கத்தை ஒடுக்கும் அதேவேளை அதன் உறுப்பினரை அரசின்பால் ஈர்க்கும் நோக்கம் அதிற் பொதிந்திருந்தது. 1908இல் ஜேர்மனிக்குச் சென்று வந்த பிரித்தானிய நிதியமைச்சர் லொயிட் ஜோர்ஜ், 1911இல் தேசியக் காப்புறுதிச் சட்டத்தைக் கொணர்ந்தார். போயர் யுத்தத்துக்கு ஆட்சேர்த்தபோது உழைக்கும் மக்களின் உடல்நலக்கேடு ஆளும் வர்க்கத்தாருக்குப் புலனாகியிருந்தது. பாராளுமன்றத்திலே தொழிற்கட்சி காலூன்றியிருந்தது. ஆரோக்கியமான உழைப்புச் சக்தியும் அமைதியான தொழிலாளரும் முதலாளித்துவத்துக்கு ஒருங்கே தேவைப்பட்டமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

ஆண் தொழிலாளியின் வாரக் கூலியிலிருந்து 4 பென்ஸ் கழிக்கப்பட்டது. முதலாளி 3 பென்ஸும் அரசு 2 பென்ஸும் சேர்த்தன. நோயுற்றவருக்கு வாரம் 10 ஷிலிங் உதவிப்பணமும், இத்திட்டத்திற்கெனப் பதிவுசெய்துகொண்ட வைத்தியரின் சிகிச்சையும் கிட்டின. மருத்துவப் பயன் 1913 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. எனினும் வைத்தியர் அரச ஊழியராகவில்லை. தமது தனியார் தொழிலை நடத்திக்கொண்டே, பதிவுபெற்ற நோயாளர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என ஆண்டுதோறும் பொதுநிதியிலிருந்து பெற்றனர். உதவிப்பணத்தை வழங்கும் பொறுப்பும் அரசிடம் இருக்கவில்லை. அது 'அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள்' எனப்பட்ட அமைப்புகளிடம் விடப்பட்டது. தொழிலாளரின் பரஸ்பர உதவிச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாத்திரமன்றி, புரூடென்ஷியல் போன்ற காப்புறுதிக் கம்பனிகள் அமைத்த சங்கங்களும் அவற்றுள் இடம்பெற்றன.

வைத்தியரின் எதிர்ப்பு ஆழ்ந்து நோக்கற்பாலது. 26,000க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் சேவை செய்வதில்லை என்ற உறுதிமொழியிற் கையொப்பமிட்டனர். கட்டணம் உயர்த்தப்பட்டதும் எதிர்ப்பு உடைந்தது. ஆயின் பிரச்சினை பணம் மட்டுமன்று. அதற்கு முன்னர் பரஸ்பர உதவிச் சங்கங்கள் வைத்தியரை ஒப்பந்தத்தில் அமர்த்தி வந்தன. தொழிலாளர் குழுவுக்குக் கீழ்ப்பட்டுப் பணிபுரிவதைப் படித்த வர்க்கத்தார் இழிவாகக் கருதினர். புதிய சட்டமோ மருத்துவப் பயனை அச்சங்கங்களிடமிருந்து பிரித்து உள்ளூர்க் காப்புறுதிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. அரசை எதிர்த்துப் போராடிய வைத்தியர், அதே அரசின் துணையால் தொழிலாளரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டனர் எனலாம்.

விலக்கப்பட்டோர் யாவர்? காப்புறுதி கூலியைப் பின்தொடர்ந்ததேயன்றி நோயைப் பின்தொடரவில்லை. கூலி பெறாத மனைவிக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியர் இல்லை. மகப்பேற்று உதவியாக 30 ஷிலிங் மட்டுமே வழங்கப்பட்டது. காசநோய்க்கு ஏற்பாடு இருந்ததாயினும் பொதுவான வைத்தியசாலைச் சிகிச்சை திட்டத்துள் அடங்கவில்லை. மகளிர் கூட்டுறவு அமைப்பு 1915இல் வெளியிட்ட மகப்பேறு பற்றிய தொழிலாளர் பெண்களின் கடிதத் தொகுதி, இலக்கிய மாணவரும் பயிலவேண்டிய ஆவணமாகும். பிரசவச் செலவுக்கெனத் தம் உணவைக் குறைத்துப் பணம் சேர்த்த பெண்களின் குரலை அதிலே கேட்கிறோம். உழைப்புச் சக்தியைப் பேணிக்காத்த சட்டம், அச்சக்தியை நாள்தோறும் மீளாக்கம் செய்த பெண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. 1930களின் இறுதியிலும் மக்கட்டொகையில் அரைவாசிக்குக் குறைந்தோரே காப்புறுதி பெற்றிருந்தனர்.

காப்புறுதி பெற்றோரிடையேயும் சமத்துவம் நிலவவில்லை. நோய் குறைந்த உறுப்பினரைக் கொண்ட சங்கங்களில் மிகைநிதி சேர்ந்தது. அவை பற்சிகிச்சை முதலிய மேலதிக நன்மைகளை அளித்தன. சுரங்கத் தொழிலாளர் போன்று நோயும் விபத்தும் மிகுந்தோரின் சங்கங்களிடம் அத்தகைய மிகைநிதி இருக்கவில்லை. தேவை மிகுந்தவனுக்கு நன்மை குறைந்தது. ஒரே விகிதத்திற் பணம் செலுத்தியோர் வெவ்வேறு பயனைப் பெற்றனர். மருத்துவ சேவையை ஈற்றிற் காப்புறுதியிலிருந்து பிரிக்க வேண்டிவரும் என்பதை 1926இல் அரச ஆணைக்குழுவே சுட்டிக்காட்டிற்று.

இதற்கு மாறான ஒரு வழியை வேல்சின் சுரங்க நகரான ட்ரெடிகரிற் காண்கிறோம். அங்கே தொழிலாளர் தம் கூலியிலிருந்து செலுத்திய பணத்தால் மருத்துவ உதவிச் சங்கமொன்றை நடத்தினர். அது குடும்பத்தினரையும் உள்ளடக்கியது. 1920களின் முற்பகுதியில் அங்கு வைத்தியராகப் பணியாற்றிய ஏ. ஜே. குரோனின், அவ்வனுபவத்தை 1937இல் வெளிவந்த 'தி சிட்டடல்' நாவலுக்குப் பயன்படுத்தினார். தொழிலாளர் குழுக்களின் சிறுமைகளையும் அந்நாவல் மறைக்கவில்லை. இலண்டன் தனியார் மருத்துவத்தின் பேராசையையும் விட்டுவைக்கவில்லை. அதே நகரிற் பிறந்தவர் அனைரின் பெவன்.

1939இல் மூண்ட யுத்தம் வைத்தியசாலைகளை ஒரே அவசர சேவைக்குள் கொணர்ந்தது. 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை வெளிவந்தது. சுகாதார அமைச்சரான பெவன் 1946இல் நிறைவேற்றிய சட்டம் 1948 ஜூலை 5இல் நடைமுறைக்கு வந்தது. வைத்தியசாலைகள் தேசியமயமாயின, செலவின் பெரும்பகுதி பொதுவரியிலிருந்து பெறப்பட்டது, சிகிச்சை பெறும் உரிமை கூலியிலிருந்து விடுவிக்கப்பட்டது. இது பண்பு மாற்றம்.

ஆயினும் 1911இன் எச்சங்கள் அழியவில்லை. பொது வைத்தியர் சுயாதீன ஒப்பந்தக்காரராகவே நீடித்தனர். நிபுணர்கள் அரச சேவையோடு தனியார் தொழிலையும் நடத்தலாயினர். அரசாங்க வைத்தியசாலைக்குள்ளேயே கட்டணக் கட்டில்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றைப் படிப்படியாக அகற்றத் தொழிற்கட்சி அரசு 1976இற் சட்டமியற்றியது. 1980இற் பழமைவாதக் கட்சி அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தை முற்றாக நிராகரித்தல் வரலாற்று நோக்காகாது. வைத்தியரை நாடவியலாதிருந்த இலட்சக்கணக்கான தொழிலாளருக்கு அது வைத்தியரைத் தந்தது. கூலியிலிருந்து பணம் பிடித்தலை எதிர்த்து வாக்களித்த லான்ஸ்பரி, சினோடன் ஆகியோர் கொள்கையளவிற் சரியானவர்களே. எனினும் அன்று நோயுற்றுக் கிடந்த தொழிலாளிக்கு அவ்வாக்குகள் மருந்தாகவில்லை. முரண்பாட்டின் இரு பக்கங்களையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே அரசுத்துறை எத்தனை பங்கு, தனியார்துறை எத்தனை பங்கு என்பது அடிப்படை வினாவன்று. ஒருவர் சிகிச்சை பெறுவது உழைத்துச் செலுத்தியவர் என்பதனாலா, நோயுற்றவர் என்பதனாலா? எந்தத் திட்டத்தையும் நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே. இரண்டாவது வினா, அதன் கணக்கேட்டிற் பெயரில்லாதவர் யார் என்பது. 1911இல் அவ்வாறு விடுபட்டவள் தொழிலாளியின் வீட்டிலேயே இருந்தாள்.