ஏ40 காரின் 16 அங்குலச் சில்லு

காருக்கு 17 அங்குல ரிம் போட்டு, குட்டை ஸ்பிரிங் பூட்டிப் பதிக்கலாமா என்று எங்களிடம் படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ40.

1947இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்தக் கார் 16 அங்குலச் சில்லில்தான் ஓடியது. ஆனால் ரயர் ஒடுக்கம். ரிம்மைச் சுற்றி ஏறக்குறைய 5 அங்குலம் றப்பர். பின்பக்கம் பட்டை வில். பள்ளத்தைத் தாங்கியது இந்த இரண்டும்தான்.

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமச் சனம் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தது. பெரும்பாலானோர் நடந்தார்கள், வாகனம் கிடைத்தவர்கள் வயோதிபரையும் மூட்டைகளையும் ஏற்றினார்கள். பாரம் சுமக்க அந்த உயரம் வேண்டியிருந்தது.

இன்று ஏ9 வீதி காப்பற். கொடிகாமத்தில் அதைவிட்டு ஒழுங்கைக்குள் இறங்கினால் கிறவலும் கிடங்கும்தான்.

கணக்கைப் பாருங்கள். 195/65 ஆர்15 ரயரும் 225/45 ஆர்17 ரயரும் விட்டத்தில் ஒன்றுதான், 634 மி.மீ. அதனால் வேகமானி பிழைக்காது. ஆனால் றப்பரின் உயரம் 127 மி.மீட்டரிலிருந்து 101 ஆகிறது. குட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தால் சில்லு மேலெழும்ப இடமும் குறையும். அடி ரிம்மிலும் முதுகிலும்தான் விழும்.

தம்பிமாரே, ரிம் வாங்க முதல் உங்கள் ஒழுங்கையைப் பாருங்கள். பின் சீற்றில் யாரை ஏற்றப்போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.