ராத்திரியில் வடிந்த பேட்டரி

இன்னைக்குப் பழைய அம்பாசிடர்.

தஞ்சாவூர்ல எங்க தாத்தாகிட்ட ஒரு மார்க் 2 இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தினார். ரெண்டாவதுக்காகக் குறுவை நெல்லை விலை ஏறும்வரை வைக்காம களத்துலேயே கொடுத்துட்டார். பாட்டி அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினாங்க.

குறை பேட்டரியில் இல்லை. அந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். கும்பகோணம் ரோட்டில் நெல் வண்டிக்குப் பின்னாடி ஊர்ந்து போனா, டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிடக் குறைஞ்சிடும். கரன்ட் திரும்பி ஓடப் பார்க்கும். அதைத் துண்டிக்கத்தான் ‘கட்-அவுட்’ என்ற சின்ன ரிலே. சேர்ந்து பிரிஞ்சு, சேர்ந்து பிரிஞ்சு அதன் பாயின்ட் கருகும். ஒருநாள் ஒட்டிக்கிட்டா, வண்டி நின்ன பிறகும் பேட்டரி டைனமோ வழியா வடியும்.

கடைசியா வந்த எலக்ட்ரீஷியன் சாவியை எடுத்துட்டு, பேட்டரி ஒயரைக் கழட்டித் தொட்டுப் பார்த்தார். பளிச்னு பொறி! கட்-அவுட் ஒயரை எடுத்ததும் பொறி இல்லை. எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சார், அவ்வளவுதான். (பாட்டிகிட்ட இதைச் சொல்ல தாத்தாவுக்கு ஒரு வாரம் ஆச்சாம்.)

இத்தனைக்கும் 1960லேயே அமெரிக்காவில் கிறைஸ்லரின் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டரோடு வந்தாச்சு. அதில் இருக்கும் சிலிக்கன் டயோடு கரன்ட்டை ஒரு பக்கம்தான் விடும், கட்-அவுட்டே தேவையில்லை. பின்னாடி அம்பாசிடருக்கும் ஆல்டர்னேட்டர் வந்தது. டயோடு கெட்டா அதுவும் ராத்திரியில் பேட்டரியைக் காலி பண்ணும். ஆனா அதுக்கு எமரி பேப்பர் உதவாது.