முப்பத்திரண்டு வாலிறகு: டார்வினின் சென்னைக் குறிப்பு பற்றிய ஒரு மறுவாசிப்பு

லக்கா எனப்படும் விசிறிவால் புறாவின் வரலாற்றைத் தேடுபவர் எவரும் சார்லஸ் டார்வினைத் தாண்டிப் போக முடியாது. வளர்ப்பு விலங்குகளிலும் பயிர்களிலும் காணும் மாறுபாடுகள் பற்றி 1868-இல் அவர் வெளியிட்ட நூலில் ஐந்தாம், ஆறாம் இயல்கள் முழுக்கப் புறாக்களுக்கே உரியவை. அவ்வியல்களில் உள்ள ஒரு வாக்கியத்தைப் பற்றியது இக்கட்டுரை. சென்னையில் விசிறிவால் புறாவுக்கு வாலிறகு 32 என்பதே முறையான கணக்கு என்று சர் வால்டர் எலியட் தமக்குத் தெரிவித்ததாக டார்வின் எழுதுகிறார். இங்கிலாந்தில் எண்ணிக்கையைவிட வாலின் நிமிர்வுக்கும் விரிவுக்குமே மதிப்பு அதிகம் என்று அடுத்த வரியில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த 32-ஐ வைத்து அவர் எந்த முடிவுக்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதே இங்கு வாதம்.

மாடப்புறாவுக்கு வாலிறகு 12, அதாவது ஆறு ஜோடி. மட்டாஞ்சேரி தர்மநாதர் சமணக் கோயிலில் நண்பகல் இரைக்கு இறங்கும் கூட்டத்துக்கும் அதே கணக்குதான். இலக்கியச் சான்று இதில் உதவாது. நெடுநல்வாடை வீட்டில் வாழும் புறாவின் கால் நிறத்தைச் சொல்கிறது. வாலைப் பற்றி அதில் பேச்சில்லை.

டார்வின் அடுக்கும் சான்றுகள் இவை. 1600-க்கு முன்பே இந்தியாவில் இவ்வினம் இருந்ததற்கு அபுல் ஃபசலின் அயினி அக்பரி சாட்சி. அதே காலத்து இத்தாலியரான அல்ட்ரோவாண்டியின் நூலைக் கொண்டு பார்த்தால் ஐரோப்பா அப்போது இதை அறியவில்லை. 1677-இல் வில்லபி 26 இறகுள்ள ஒன்றைக் குறிக்கிறார். 1735-இல் மூர் கண்டது 36. 1824-இல் பிரெஞ்சுக்காரர்களான புவாத்தாரும் கோர்பியேயும் 42 வரை போகிறார்கள். டார்வின் தம் புறாவில் எண்ணியது 33. கல்கத்தாவில் எட்வர்ட் பிளித், இறகு சில உதிர்ந்த ஒரு வாலிலேயே 34 எண்ணியிருக்கிறார்.

இதிலிருந்து டார்வின் ஒரு படிவரிசையைக் கட்டுகிறார். சீனாவின் அமோய் துறைமுகத்திலிருந்து ராபர்ட் ஸ்வின்ஹோ அனுப்பிய ஒரு தோல் அதன் அடிப்படி. ஜாவாவிலிருந்து வந்த இனம் என்று அறியப்பட்ட அப்புறாவுக்கு இறகு 14 மட்டுமே. அதே இனத்தின் வேறு பறவைகளில் ஸ்வின்ஹோ 18 முதல் 24 வரை கண்டிருந்தார். திருத்தம் பெறாத பழைய விசிறிவாலை இதில் காண்கிறோம் போலும் என்கிறார் டார்வின். இந்தியப் புறா அடுத்த படி: நடையைப் பொறுத்தவரை, ஐரோப்பாவுக்குள் வந்த நாளில் இருந்த நிலையிலேயே அது இன்றும் நிற்கிறதாம். உச்சிப்படி லண்டன் கண்காட்சிப் பறவை, தலை வாலைத் தொடும் அளவுக்குக் கழுத்து பின்வளைந்தது. ஆக ஜாவாவில் தொடக்கம், இந்தியாவில் தேக்கம், லண்டனில் முதிர்ச்சி.

டார்வினுக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்தியா தேங்கியது என்பதை அவர் நடைக்கு மட்டுமே சொன்னார். அதையும் 'இருக்கலாம்' என்ற தொனியில்தான் சொன்னார். ஆனாலும் நடைக்கு அவரிடம் இருந்த சான்று என்ன? எலியட் அனுப்பியவை பாடம் செய்த தோல்கள். பஞ்சு திணித்த தோலில் கழுத்தின் வளைவோ நெஞ்சை நிமிர்த்தும் மிடுக்கோ தெரியாது. உயிரோடு அவர் வளர்த்துப் பார்த்தவை, 1850-இல் கல்கத்தாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட சில பறவைகள். 'சொல்லப்பட்ட' என்பது அவரே போட்ட எச்சரிக்கை. லண்டனின் பரிசுப் பறவையை, கப்பலேற்றி விற்கப்பட்ட சில கல்கத்தாப் பறவைகளோடு நிறுத்தி ஒப்பிட்டால் எந்த நாடும் பின்தங்கித்தான் தெரியும். பல்லாவரம் வெள்ளிச்சந்தையில் கூடைக்கு வருவதை வைத்துச் சென்னை வளர்ப்போரின் மாடிக்கூண்டை மதிப்பிடுவதற்கு இது சமம்.

எண்ணிக்கையில் நிலைமை இன்னும் தெளிவு. சென்னை 32, கல்கத்தா 34-க்கு மேல், டார்வினின் சொந்தக் கூண்டு 33. இங்கே படிகளே இல்லை. பிரெஞ்சு 42-ஐ மட்டும் தனியே வைத்துவிடலாம். அதை டார்வின் தாமே எண்ணிப் பார்க்கவில்லை.

இனி 32-க்கு வருவோம். இந்த எண்ணைத் தந்தவர் எப்படிப்பட்டவர் என்பது முக்கியம். 1845-இல் அமராவதியில் அகழ்ந்து சிற்பங்களை வெளிக்கொணர்ந்தவரும், கல்வெட்டுப் படிகளைத் தொகுத்தவரும், பிற்காலத்தில் தென்னிந்திய நாணயங்கள் பற்றி நூல் எழுதியவருமான எலியட், எண்ணிப் பதிவதையே வாழ்நாள் பழக்கமாகக் கொண்ட அதிகாரி. 1856 சனவரியில் டார்வின் அவருக்கு எழுதி, இந்திய வளர்ப்புப் புறாக்களின் தோல்களைக் கேட்டார். எலியட் தோல்களோடு நிற்கவில்லை. 1770-இல் இறந்த சையது முகம்மது மூசாரி என்பவரின் புறா நூலை மொழிபெயர்ப்பித்தும் அனுப்பினார். புறா வளர்ப்போரின் ஏட்டறிவையும் தேடிப் போனவர் தந்த எண் இது. எந்த ஆண்டு தந்தார் என்பதை 1856-க்கும் 1868-க்கும் நடுவே என்பதற்கு மேல் என்னால் குறுக்க முடியவில்லை. அவர் 1860-இல் பணி ஓய்வு பெற்றார் என்பதால் அதற்கு முன்பு என்று கொள்ள விரும்புகிறேன்.

32 என்பது கடைத்தெருவில் எண்ணிக் கண்ட சராசரியா, வளர்ப்போர் வைத்திருந்த இலக்கா? இலக்கு என்றே நான் கொள்கிறேன். இறகு எண்ணிக்கை ஒற்றைக் காரணியில் நிற்கும் பண்பு அல்ல. கொண்டையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். புறாவின் கொண்டை பின்னடங்கு பண்பு என்றும், அது ஒரே மரபணுவோடு கட்டுண்டது என்றும் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷபீரோவின் குழு 2013-இல் காட்டியது. கொண்டை உண்டு, அல்லது இல்லை. வால் அப்படி அன்று. 1918-இல் டி. எச். மார்கன் விசிறிவாலைச் சாதா வால் புறாவோடு ஜோடி சேர்த்து வெளியிட்ட ஆய்வில், முதல் தலைமுறையின் எண்ணிக்கை இரண்டுக்கும் இடையே, சாதா வாலின் பக்கமாக விழுந்தது. இரண்டாம் தலைமுறையில் பரவல் விரிந்தது. பல காரணிகள் சேர்ந்து தூக்கிப் பிடிக்கும் எண் இது. ஒவ்வோர் ஈட்டிலும் எண்ணிப் பார்த்து, குறைந்தவற்றை ஜோடி சேர்க்காமல் ஒதுக்கினால்தான் மேலே நிற்கும். ஆகவே ஓர் ஊரில் 32 என்று ஒரு கணக்கு வழங்கியது என்றால், அவ்வூரில் எண்ணுபவர்களும் ஒதுக்குபவர்களும் இருந்தார்கள். தேர்வு என்ற கருத்தை உலகுக்கு விளக்கியவர், சென்னையில் நடந்துகொண்டிருந்த தேர்வைத் தம் நூலிலேயே அச்சிட்டுவிட்டு அதைக் காணாமல் போனார். புறா இனங்களைக் கலந்து மேம்படுத்திய அக்பரை மேற்கோள் காட்டத் தெரிந்தவர்தான் அவர். அரண்மனைக்குக் கிடைத்த பெருமை மாடிக்கூண்டுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் 30 அல்ல, 34 அல்ல? சான்று மெலிந்த இடம் இது என்பதை அறிந்தே சொல்கிறேன். வாலிறகு ஜோடியாகவே வளர்வது இயல்பு என்பதால் இலக்கு இரட்டைப்படையில் நிற்பது பொருத்தம். டார்வினின் 33 ஒரு பக்கம் கூடிய வால். அதற்கு மேல், காமாட்சி செய்த 32 அறமும், சாமுத்திரிகம் சொல்லும் 32 இலட்சணமும் வழங்கும் ஊரில், குறையற்ற ஒன்றுக்கு 32 என்று கணக்கு வைப்பது யாருக்கும் விந்தையாக இராது. புறா வளர்ப்பில் தமிழரோடு தக்கணி முஸ்லிம்களுக்கும் பெரும்பங்கு இருந்திருக்கும். கர்நாடக நவாபின் பட்டமே 1855-இல்தான் முடிவுக்கு வந்தது. அவர்களிடமும் இந்த எண்ணுக்கு இதே மதிப்பு இருந்ததா என்பது திறந்த கேள்வி. இதை மெய்ப்பிக்க என்னிடம் ஏடு இல்லை. ஆனால் இயற்கையாக வந்து நின்ற சராசரி என்று கொள்வதற்கு இதைவிடப் பலவீனமான காரணமே உண்டு.

ஜாவாத் தோலையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரே இனத்தில் 14, 18, 24 என்று சிதறும் இப்புறாவில் பழைய நிலையைக் காண்பதாகக் கருதினார் டார்வின். மார்கனுக்குப் பின் அச்சிதறலைக் கலப்பின் அடையாளமாகப் படிப்பதே எளிது. இன்னொரு சான்றும் உண்டு. பல நாட்டு விசிறிவால்களை ஆராய்ந்தும் எண்ணெய்ச் சுரப்பியை டார்வின் ஒன்றிலும் காணவில்லை. ஜாவாத் தோலில் மட்டும் அது நன்கு வளர்ந்திருந்தது. சுரப்பியின்மை பின்னடங்கு பண்பாக இருந்தால், சாதாப் புறாவின் இரத்தம் கலந்ததும் சுரப்பி திரும்பிவிடும், இறகும் குறையும். இரண்டும் ஒரே தோலில் சேர்ந்து வந்திருக்கின்றன. மூதாதை என்று அவர் கண்டது, ஊர்ப் புறாவோடு கலந்து தேய்ந்த பேரனாக இருக்கலாம்.

இந்தியாவிலிருந்து ஜாவாவுக்கு விசிறிவால் போவதற்கு வழியும் இருந்தது. டச்சுக்காரர் 1619 முதல் ஜாவாவின் பத்தாவியாவில் இருந்தனர். சோழமண்டலக் கரையில் பழவேற்காடும், 1658 முதல் நாகப்பட்டினமும், மேற்கே 1663 முதல் கொச்சியும் அவர்கள் கையில். துணி ஏறிய கப்பலில் ஒரு கூண்டு ஏறுவதற்குத் தடை என்ன? அப்படி ஏறியதாகச் சரக்குப் பட்டியல் எதையும் காட்ட என்னால் இயலாது. ஜாவா முதலா, சென்னை முதலா என்ற கேள்வியை இது தீர்க்கவும் இல்லை. டார்வினின் வரிசை ஒன்றே சாத்தியம் என்ற எண்ணத்தை மட்டும் இது நீக்குகிறது.

வில்லபியின் 26-க்கும் எலியட்டின் 32-க்கும் நடுவே ஏறத்தாழ 180 ஆண்டுகள். சென்னை எப்போது 32-ஐ எட்டியது என்பது தெளியவில்லை. வில்லபி கண்டது ஒரு பறவையை மட்டுமே என்பதால், அன்றைய இந்தியக் கூண்டுகளிலும் அதுவே அளவு என்று கொள்ள முடியாது.

டார்வின் 1867-இல் தம் புறாச் சேகரிப்பைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது இப்போது டிரிங்கில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பிரிவில் இருக்கிறது. அங்குள்ள விசிறிவால் தோல்கள் ஒவ்வொன்றின் வாலையும் அடிக்குருத்தோடு மீண்டும் எண்ண வேண்டும். இங்கே லக்கா வளர்ப்போர், தாய், தந்தை, குஞ்சு மூன்றின் இறகு எண்ணிக்கையையும் ஜோடிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தால், எலியட்டின் எண்ணைச் சோதிக்க அதுவே போதிய தரவாகும்.