தவக்காலத்தில் ஒரு நூல்

ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களின் முதல் நாளன்று நம்மில் பலர் நாட்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஏதேனும் ஒரு தீர்மானத்தை எழுதி வைக்கிறோம். "இவ்வாண்டு இருபத்தைந்து நூல்கள்" என்று நாமும் ஓராண்டு எழுதி வைத்தோம். படித்து முடித்த ஒவ்வொரு நூலின் பெயரையும் நாளையும் எண்ணிட்டுக் குறித்தும் வந்தோம். அக்டோபர் திங்களில் எண்ணிக்கை பின்தங்கி நிற்பதைக் கண்டதும் நாம் செய்தது என்ன? அலமாரியில் இருந்தவற்றுள் மெலிந்த நூல்களாகத் தேடி எடுத்தோம். ஆண்டிறுதியில் கணக்கு நிறைந்தது. ஆனால், புனித அகுஸ்தினார் தம் மனமாற்றத்தை விவரிக்கும் நூல், நாற்பதாம் பக்கத்தில் நாம் செருகி வைத்த பேருந்துச் சீட்டுடன் அப்படியே கிடந்தது. கணக்கில் வென்றோம், வாசிப்பில் தோற்றோம்.

ஆண்டுக்கொரு வாசிப்பு இலக்கு வைப்பதும், அதை எட்டினோமா என்று கணக்குப் பார்ப்பதும் இக்காலத்தார் கண்டுபிடித்த வழக்கம் என எண்ணிவிட வேண்டாம். ஏறக்குறைய 1500 ஆண்டுகளாகத் திருச்சபையின் துறவு மடங்களில் அது வாழ்ந்து வருகிறது. அங்கே வைக்கப்பட்ட இலக்கு இருபத்தைந்து அன்று; ஒன்றே ஒன்று. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இத்தாலி நாட்டு நூர்சியாவில் ஏறத்தாழ 480ஆம் ஆண்டில் பிறந்தவர் புனித ஆசீர்வாதப்பர். உரோமைப் பேரரசின் மேற்குப் பகுதி சரிந்து, போரும் பஞ்சமும் மக்களை அலைக்கழித்த காலம் அது. ஏறத்தாழ 529ஆம் ஆண்டில் மோந்தே கசினோ மலைமீது அவர் ஒரு மடத்தை நிறுவினார். தம் துறவிகளுக்காக 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூல் ஒன்றையும் எழுதினார். அதன் 48ஆம் அதிகாரம் உடலுழைப்பைப் பற்றியது. ஆயினும் உழைப்புக்கு எவ்வளவு இடம் தரப்பட்டதோ அதற்கு இணையான இடம் அங்கே வாசிப்புக்கும் தரப்பட்டுள்ளது. சோம்பல் ஆன்மாவைக் கெடுக்கும் என்பதால், கைக்கு வேலையும் கண்ணுக்கு நூலும் வேளை தவறாது கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்நாளில் கதிரவன் எழுவதிலிருந்து மறைவது வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டு மணிகளாகப் பகுத்திருந்தனர். கோடையில் நான்காம் மணி முதல் ஆறாம் மணி வரை வாசிப்பு. குளிர்காலத்தில் காலை முதல் இரண்டாம் மணி முடியும் வரை வாசிப்பு. தவக்காலத்திலோ அது மூன்றாம் மணி முடியும்வரை நீண்டது. ஞாயிற்றுக் கிழமைகளில் பணிப்பொறுப்புள்ளோர் தவிர மற்ற அனைவரும் வாசிக்க வேண்டும். நண்பகல் ஓய்வு நேரத்தில் படிக்க விரும்புவோர் பிறருக்கு இடையூறு இன்றிப் படிக்கட்டும் என்றும் அவர் எழுதினார். வாய்விட்டு வாசிப்பதே அக்கால வழக்கமாய் இருந்தது என்பது இதனால் விளங்குகிறது.

தவக்காலத் தொடக்கத்தில் துறவியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்படும். அதனை முதலிலிருந்து முடிவு வரை, இடையில் எதையும் விடாது, முறையாகப் படித்து முடிக்க வேண்டும். இந்த விதியில் வரும் 'நூலகம்' என்ற இலத்தீன் சொல், அக்காலத்தில் திருவிவிலியத்தையும் குறித்தது. ஆகவே ஒவ்வொரு துறவிக்கும் விவிலியத்தின் ஒரு பகுதியே அளிக்கப்பட்டது எனக் கருதும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும் அளவு ஒன்றே: ஒருவருக்கு ஒரு நூல், அதுவும் முழுமையாக.

மனித மனத்தை நன்கு அறிந்தவர் ஆசீர்வாதப்பர். நூலைக் கொடுத்துவிட்டால் எல்லாரும் படித்துவிடுவர் என்று அவர் நம்பியிருக்கவில்லை. மூத்த துறவியர் ஒருவரோ இருவரோ வாசிப்பு வேளையில் மடத்தைச் சுற்றி வருவர். எவரேனும் சோம்பியிருக்கிறாரா, வீண் பேச்சில் தம் நேரத்தோடு பிறர் நேரத்தையும் கெடுக்கிறாரா என்று பார்ப்பர். அவ்வாறு இருப்பவரை ஒருமுறை, இருமுறை கண்டித்துத் திருத்துவர். அதற்கும் திருந்தாதவருக்குத் தண்டனை உண்டு.

கண்டிப்பானவர் எனினும் அவர் கருணையற்றவர் அல்லர். படிக்க இயலாதவருக்கு வேறு பணி கொடுங்கள் என்றார். மாலையில் எல்லாரும் ஒன்றாய் அமர, ஒருவர் நான்கைந்து பக்கங்கள் வாசித்தால் போதும் என்றார். 150 திருப்பாடல்களையும் ஒரே நாளில் முடித்த முன்னோரின் ஆர்வத்தை நினைவூட்டிவிட்டு, நாம் அவற்றை ஒரு வாரத்திலேனும் முடிப்போம் என்று இறங்கி வந்தார். தாங்கக்கூடிய அளவை வைத்து, வைத்த அளவில் குறையாது நிற்பதே அவர் கண்ட நெறி.

ஐந்து நூற்றாண்டுகள் கடந்தன. இத்தாலியின் பவியா நகரில் பிறந்து, நார்மண்டியில் துறவியாகி, 1070இல் இங்கிலாந்தின் கான்டர்பரிப் பேராயரானவர் லான்பிராங்க். தம் பேராலயத் துறவியருக்காக ஏறத்தாழ 1077இல் அவர் வகுத்த ஒழுங்குகளில் அந்த ஒரே விதி ஒரு முழுச் சடங்காய் மலர்ந்திருப்பதைக் காண்கிறோம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிற்றை அடுத்த திங்கட்கிழமை அது. பேரவைக் கூடத்தில் கம்பளம் ஒன்று விரிக்கப்பட்டு அதன்மேல் மடத்து நூல்கள் பரப்பப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு பெற்ற நூலைக் கையில் ஏந்தியவாறே துறவியர் உள்ளே வருவர். ஒழுங்கு நூலில் தவக்காலம் பற்றிய பகுதி வாசிக்கப்படும், மறையுரை நிகழும். பின்னர் நூற்காப்பாளர் எழுந்து, சென்ற ஆண்டு யார் யார் எந்தெந்த நூலைப் பெற்றனர் என்ற பட்டியலைப் படிப்பார். தம் பெயரைக் கேட்டவர் நூலைத் திருப்பித் தருவார். அதை முழுமையாகப் படிக்கவில்லை என்று தம் மனச்சான்று சொல்லக் கேட்பவர், எல்லார் முன்னிலையிலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தம் தவற்றை ஏற்று, மன்னிப்புக் கேட்பார். அதன்பின் ஒவ்வொருவருக்கும் வேறொரு நூல் வழங்கப்படும். அதுவும் பட்டியலில் எழுதப்படும்.

எத்துணை அழகிய ஆண்டுக் கணக்கு! படித்தேன் என்று பெருமை பேச அதில் இடமே இல்லை. படித்தவர் நூலை வைத்துவிட்டு அமைதியாய் அமர்கிறார். படிக்காதவர் விழுகிறார், ஆனால் விழுந்தபடியே விடப்படுவதில்லை. தவறியவர் கையிலும் அடுத்த நூல் கொடுக்கப்படுகிறது.

பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் பதினோராம் நூற்றாண்டு வழக்கங்களைக் கூறும் ஏடு ஒன்றில் இத்தகைய தவக்காலப் பட்டியல் காணப்படுகிறது. அறுபதுக்கு மேற்பட்ட துறவியரின் பெயரும் அவரவர் பெற்ற நூலும் அதில் வரிசையாய் உள்ளன. பெரும்பாலானவை திருச்சபைத் தந்தையரின் நூல்கள். ஒரு துறவிக்கோ உரோமை வரலாற்றாசிரியர் லீவியின் நூல் கிடைத்திருக்கிறது! இங்கிலாந்தின் தோர்னி மடத்தில் 1324 முதல் 1330 வரை எழுதப்பட்ட வழங்கற் பட்டியல்களும் இன்றுவரை அழியாமல் எஞ்சியுள்ளன.

ஆண்டுக்கு ஒரு நூல் மிகக் குறைவு என்று நமக்குத் தோன்றலாம். அக்காலத்தில் ஒரு நூல் உருவாக எவ்வளவு உழைப்புத் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள வேர்மவுத் - ஜாரோ மடத்தில், 716ஆம் ஆண்டுக்கு முன் எழுதி முடிக்கப்பட்ட முழு விவிலியம் ஒன்று இன்று இத்தாலியின் பிளாரன்சு நகரில் உள்ளது. அதில் 1030 தோல் ஏடுகள் உள்ளன. அத்தனை ஏடுகளுக்கும் நூற்றுக்கணக்கான கன்றுகளின் தோல் வேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் கையால் வரையப்பட்டது. மேலும், நூலையோ எழுதுகோலையோ தமக்கெனச் சொந்தமாய் வைத்துக்கொள்ள ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு எவரையும் அனுமதிக்கவில்லை. பெற்ற நூல் தமதன்று. ஓராண்டுக்குப் பின் அது வேறொரு சகோதரர் கைக்குச் செல்ல வேண்டியது. எனவே அதைப் படிக்காது வைத்திருப்பது தமக்கு நேரும் இழப்பு மட்டுமன்று. படிக்கக் காத்திருக்கும் மற்றொருவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும்.

இன்று நூல் எளிதாகக் கிடைக்கிறது. ஆண்டில் எத்தனை நூல்கள் படித்தோம் என்பதைக் கைபேசியே எண்ணிச் சொல்கிறது. எண்ணுவதில் தவறில்லை, துறவியரும் பட்டியல் வைத்திருந்தனரே! ஆனால் அவர்கள் பட்டியல் கேட்ட கேள்வி வேறு. "எத்தனை?" என்று அது கேட்கவில்லை, "முழுமையாகவா?" என்று கேட்டது. "எத்தனை?" என்ற கேள்விக்கு மெலிந்த நூல்களைக் கொண்டு விடை சொல்லிவிடலாம். நாமே அப்படிச் சொன்னோம். "முழுமையாகவா?" என்ற கேள்விக்கோ மனச்சான்று ஒன்றே விடை தர முடியும்.

இன்னொன்றும் நாம் நினைக்கத்தக்கது. அத்துறவிக்கு நூல் மற்றொருவர் கையிலிருந்து கிடைத்தது; அதற்கான கணக்கையும் அவர் உடன்பிறப்புகளின் முன்னிலையில் ஒப்புவித்தார். நாமோ நமக்கு நாமே இலக்கு வைக்கிறோம். நமக்கு நாமே கணக்குப் பார்க்கிறோம். நிறைவேறினால் நம்மையே மெச்சிக்கொள்கிறோம்; நிறைவேறாவிடில் நாட்குறிப்பேட்டை மூடி ஒளித்துவிட்டு, வாசிப்பையே கைவிடுகிறோம். மன்னிக்க ஒருவர் இல்லாத இடத்தில் கணக்கு ஒன்று செருக்கைத் தரும், அல்லது சோர்வைத் தரும்.

ஆசீர்வாதப்பர் சபை மடங்களில் தவக்கால நூல் வழங்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதை நம் இல்லங்களுக்கும் கொண்டுவரலாகாதா? திருநீற்றுப் புதனன்று கணவர் மனைவிக்கும், மனைவி கணவருக்கும், பெற்றோர் பிள்ளைகளுக்கும் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுக்கலாம். அன்பியக் கூட்டத்தில் அன்பர்கள் நூல்களை மாற்றிக்கொள்ளலாம். நாள்தோறும் நான்கைந்து பக்கங்கள் போதும். அடுத்த ஆண்டு அதே நாளில் ஒன்றுகூடி, படித்தவர் நூலைத் திருப்பித் தரட்டும். படிக்காதவர் நாணமின்றி அதை ஒப்புக்கொள்ளட்டும். அவருக்கும் ஒரு நூல் காத்திருக்கட்டும்.

இவ்வாண்டு நம் நாட்குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எண் எதையும் நாம் எழுதவில்லை. நம் நிலையை அறிந்த நண்பர் ஒருவரிடம், "எங்களுக்கு ஒரு நூல் கொடுங்கள்" என்று கேட்டோம். அவர் புன்னகைத்தார், நம் அலமாரிக்கே சென்று, பேருந்துச் சீட்டு செருகியிருந்த அகுஸ்தினாரின் நூலை எடுத்து நம் கையில் வைத்தார். "முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்" என்றார். தொடங்கியிருக்கிறோம்.