புத்தகமாகிவிட்ட மனிதர்கள்: ‘ஃபாரன்ஹீட் 451’ திரைப்படத்தில் எதிர்ப்பின் இயல்பு

ஒரு திரைப்படம் தொடங்கும்போது நடிகர், இயக்குநர் முதலியோரின் பெயர்கள் எழுத்தில் ஓடுவது பழகிப்போன சம்பிரதாயமாதலால், அவ்வெழுத்துகள் வராதுபோனால் என்ன ஆகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பிரான்ஸ்வா த்ரூஃபோ 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஃபாரன்ஹீட் 451’ படத்தின் முதற்காட்சியில், வீட்டுக் கூரைகளின்மேல் நிற்கும் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வர்ணச் சாயலில், நம்மை நெருங்கி வருகின்றன. திரையில் ஓரெழுத்தும் இல்லை. நடித்தவர் யார், இசையமைத்தவர் யார், யாருடைய நாவலைத் தழுவியது என்பனவெல்லாம் உணர்ச்சியற்ற ஒரு குரலால் வாசித்து அறிவிக்கப்படுகின்றன. படிப்பு விலக்கப்பட்ட நாடு இது என்று எவரும் நமக்குச் சொல்லுமுன்பே நம்மையும் அந்நாட்டுப் பிரஜைகளாக்கிவிடுகிறது இவ்வேற்பாடு. கொடுங்கோன்மையைச் சித்திரிக்கும் படங்கள் பலவற்றில் நாம் வெளியே நின்று இரக்கப்படுகிறோம். இங்கோ எழுத்தறிந்த நாம், சில நிமிஷங்களாவது எழுத்தற்றவராக இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படத்தைச் சர்வாதிகார எதிர்ப்புப் படங்களின் வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். அவ்வரிசையில் பிற்காலத்தில் பெரும் புகழெய்திய ‘வி ஃபார் வென்டெட்டா’வை அருகில் வைத்துப் பார்த்தால் வேற்றுமை உடனே விளங்கும். அங்கே, 1605இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்க முயன்ற கை ஃபாக்ஸின் முகமூடியைத் தரித்த ஒருவன் சூழ்ச்சி செய்கிறான். ஜனங்கள் அதே முகமூடியணிந்து வீதிக்கு வருகிறார்கள். கட்டிடம் வானளாவச் சிதறுகிறது. த்ரூஃபோவின் படத்தில் புரட்சியில்லை, சதியில்லை, அரசாங்கம் கவிழ்வதுமில்லை. நகரத்தைவிட்டு ஓடியவர்கள் ஆற்றங்கரைக் காட்டில் உலாவிக்கொண்டு ஆளுக்கொரு புத்தகத்தை நெட்டுருப் போடுகிறார்கள், அவ்வளவே. இதனாலேயே அக்காலத்து விமர்சகர் பலரும் படம் உஷ்ணமற்றது, எதிர்ப்பைப் பற்றிய படத்தில் எதிர்ப்பே இல்லை என்று குறைகூறினர். அந்தக் குளிர்ச்சி குறையன்று என்பதும், எதிர்ப்பைக் காட்டில் தேடியவர்கள் அதனைத் தேடவேண்டிய இடத்தில் தேடவில்லை என்பதும், காட்டு வாழ்க்கையின்மீது படத்துக்கே ஒரு சந்தேகம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மூலத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரே பிராட்பரி 1951இல் ஒரு பத்திரிகையில் வெளியிட்ட நெடுங்கதையை விரித்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில், அரைமணிக்குப் பத்து சென்ட் வாடகையுள்ள தட்டச்சு யந்திரத்தில் எழுதிய நாவல் 1953இல் வெளிவந்தது. தீயணைக்கும் படை அங்கே தீவைக்கும் படையாகிவிட்டது. மோன்டாக் அதில் ஓர் ஊழியன். புத்தகம் வைத்திருப்பது குற்றம். நாவலிலுள்ள யந்திர வேட்டைநாயையும், ஃபேபர் என்ற வயோதிகப் பேராசிரியரையும், இறுதியில் நகரத்தை அழிக்கும் யுத்தத்தையும் த்ரூஃபோ விலக்கிவிட்டார். நாவலில் மறைந்துபோகும் கிளாரிஸ் என்ற பெண்ணை உயிரோடு காட்டில் சேர்த்தார். அவளையும் மோன்டாகின் மனைவி லிண்டாவையும் ஜூலி கிறிஸ்டி ஒருத்தியே நடிக்கும்படி செய்தார். கணவனைக் காட்டிக்கொடுப்பவளுக்கும் அவனை வெளியே அழைப்பவளுக்கும் ஒரே முகம்.

படப்பிடிப்பு இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்த 1966ஆம் ஆண்டின் வசந்தத்தில், த்ரூஃபோவின் தோழர் ழாக் ரிவெத், பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளரான திதெரோவின் நாவலைத் தழுவி எடுத்த ‘கன்னிகாஸ்திரீ’ படத்தைப் பிரெஞ்சு அரசாங்கம் தடைசெய்தது. புத்தகத்தை எரிக்கும் கற்பனை அரசைப் படமெடுத்துக்கொண்டிருந்தவருக்குத் தம் நாட்டின் நிஜ அரசு இவ்வண்ணம் அடிக்குறிப்பு எழுதியது.

இனி, எதிர்ப்பு எங்கே இருக்கிறது என்று நான் கருதுகிறேனோ அந்தக் காட்சிக்கு வருவோம். இரவில், மனைவி உறங்கியபின், வெள்ளை நீளங்கி அணிந்த மோன்டாக் மறைத்துவைத்த புத்தகத்தை எடுத்து வருகிறான். விளக்கேற்றவில்லை, நிகழ்ச்சி முடிந்து வெறுமையாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையின் வெளிச்சத்தில் உட்காருகிறான். புத்தகம் டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’. பழகிய வாசகன் எவனும் முதற்பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கதைக்குப் போவான். இவனுக்கு அது தெரியாது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பாளர் முகவரி ஆகிய யாவற்றையும் ஒரே மதிப்புடன், விரலை வரியின்கீழ் ஊர்த்தி, சொல்லுக்குச் சொல் நின்று, உரக்க வாசிக்கிறான். முதல் அத்தியாயத்தின் தலைப்பை எட்டும்போது விரல் சற்று தயங்குகிறது. காமிராவும் அவசரப்படாமல் அந்த விரலோடு நகர்கிறது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல்வைத்து எழுதப் பழகிய தலைமுறையின் கதையைக் கேட்டறிந்த நமக்கு இக்காட்சியின் சுவை சற்று அதிகமாகவே புலப்படக்கூடும். அரசின் சட்டத்தை மீறுபவன் முஷ்டியை உயர்த்துவான் என்று எதிர்பார்க்கிறோம். இவன் ஒற்றை விரலை நகர்த்துகிறான். ஆனால் அந்த அரசு அழிக்க விரும்பியது இந்த விரலைத்தான். அவ்வரசு ஜனங்களைப் பட்டினி போடவில்லை. அடித்துத் துன்புறுத்தியும் காட்டவில்லை. வீட்டில் சுவரளவு திரை; கையில் சொல்லேயில்லாத, படங்கள் மட்டுமே நிறைந்த தினசரி; வாயில் மாத்திரை. லிண்டா பங்குகொள்ளும் நாடகமொன்றில் பாத்திரங்கள் பேச்சை நிறுத்தித் திரையிலிருந்து அவளை நோக்கித் திரும்பி அபிப்பிராயம் கேட்கின்றனர். சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமற்போனாலும், அவள் சொன்னதே சரியென்று பாராட்டிவிட்டு நாடகம் தன் போக்கில் நடக்கிறது. நாட்டிலுள்ள எல்லா லிண்டாக்களையும்தான் அழைத்திருப்பார்கள் என்று மோன்டாக் சொல்லும்போது அவளுக்கு முகம் வாடுகிறது. பிரஜையைக் கலந்தாலோசிப்பதுபோல் நடித்து அவனுடைய கவனத்தைக் களவாடும் ஆட்சிமுறையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர் அரியர். இத்தகைய அரசை எதிர்ப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது வெடிமருந்தா, கவனமா என்பதே படம் எழுப்பும் கேள்வி.

அந்த வாசிப்புக்குப் பின் உடம்பே மாறிவிடுகிறது என்பதை த்ரூஃபோ ஒரு விளையாட்டான சூசகத்தால் உணர்த்துகிறார். படைவீரர்கள் மேல்தளத்துக்கு ஏறிச்செல்லும் உலோகக் கம்பம் மோன்டாகை இனி மேலே கொண்டுசெல்ல மறுக்கிறது. அவன் படியேறிப் போகிறான். தலைவன் அதைக் கவனித்துவிடுகிறான். மோன்டாகாக நடித்த ஆஸ்கர் வெர்னர் வியன்னாவில் பிறந்தவர். ஹிட்லரின் படையிலிருந்து தப்பியோடி மனைவியுடனும் குழந்தையுடனும் வியன்னாக் காட்டில் ஒளிந்து வாழ்ந்தவர். படப்பிடிப்பின்போது அவருக்கும் இயக்குநருக்கும் பேச்சே அற்றுப்போகுமளவு பிணக்கு ஏற்பட்டது. மோன்டாகின் முகத்தில் காணும் இறுக்கத்தில் பாத்திரத்தின் பங்கெவ்வளவு, அப்பிணக்கின் பங்கெவ்வளவு என்று யாரால் பிரித்துக் கூறமுடியும்?

வயோதிக மாது ஒருத்தி தன் நூல்களோடு எரிந்துபோகும் காட்சியே பார்த்தவர் நெஞ்சில் தங்குவது. அவளுடைய ரகசிய நூலகத்தில் நின்றுகொண்டு தலைவன் மோன்டாகுக்குச் செய்யும் உபதேசம் படத்தின் அரசியலை ஏறக்குறைய முழுமையாகக் கூறிவிடுகிறது. ஒரு நூல் ஒரு சாராருக்குப் பிடிக்கவில்லை, இன்னொரு நூல் இன்னொரு சாராருக்கு. புற்றுநோயைப் பற்றிய நூல் புகைபிடிப்பவரைக் கலவரப்படுத்துகிறது. தத்துவங்களோ ஆடை நாகரிகம்போல் வருஷத்துக்கு வருஷம் மாறுபவை. ஆகவே எவர் மனமும் நோகாமலிருக்க எல்லாவற்றையும் எரிப்பதே சமத்துவம் என்கிறான் அவன். அப்போது அவன் கையில் இருப்பது ஹிட்லரின் ‘மெயின் காம்ப்’. இதை வெறும் கிண்டலென்று தள்ளிவிடலாகாது. 1933ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி பெர்லின் ஓபரா சதுக்கத்தில் மாணவர்களே முன்னின்று நூல்களை எரித்த செய்தியை நினைவில் கொண்ட எவரும், அந்த எரிப்புக்கு மூலமான சித்தாந்தத்தின் நூலும் இங்கே எரிபொருள்களில் ஒன்றாக வந்து சேர்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிடுவர். நல்ல நூலைக் காப்பாற்றத் தீய நூலை எரிக்கலாமே என்று நினைக்கும் வாசகனுக்கும் அக்காட்சியில் ஒரு கண்டனம் உண்டு.

பிராட்பரியின் நாவலுக்கு நேர்ந்த கதியையும் இங்கே குறிப்பிடவேண்டும். படம் வெளிவந்த மறுவருஷம் பள்ளி மாணவருக்கென அச்சிடப்பட்ட பதிப்பில் ‘தகாத’ சொற்கள் பல ஆசிரியர் அறியாமலே மாற்றப்பட்டன. எழுபதுகளின் இறுதியில்தான் அவர் அதை அறிந்து மூலபாடத்தை மீட்டார். நெருப்பில்லாமலும் நூலை எரிக்கலாம் என்பதற்கு அந்நூலே சாட்சியாயிற்று.

இனிக் காடு. அங்கே மோன்டாக் சந்திப்பவர்கள் தத்தம் பெயரைத் துறந்தவர்கள். ஒவ்வொருவரும் தாம் மனனம் செய்த நூலின் பெயராலேயே தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். இரட்டைச் சகோதரர் இருவர் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸின் இரண்டு பாகங்கள்! இந்த வேடிக்கைக்குச் சிரித்து முடிக்குமுன் வேறொரு செய்தி நம்மை உறுத்துகிறது: நெட்டுரு முடிந்ததும் இவர்களும் அப்புத்தகத்தை எரித்துவிடுகிறார்கள். தலைக்குள் இருப்பதை எவனும் பறிமுதல் செய்ய முடியாது என்பது அவர்கள் கூறும் நியாயம். நியாயம் சரியே, எனினும் மனிதனை ஒரு காரியத்தின் கருவியாக்கி, அவன் பெயரை நீக்கி, காகிதத்தைச் சாம்பலாக்கும் வழக்கம் நகரத்திலும் உண்டு, காட்டிலும் உண்டு என்பதைப் பார்த்தபின் பாராமலிருக்க இயலவில்லை. இவர்கள் ஒருவரோடொருவர் உரையாடுவது அருமை. தனித்தனியே முணுமுணுத்துக்கொண்டு குறுக்கும்நெடுக்கும் நடக்கிறார்கள். தான் தாங்கும் நூலைப் பற்றித் தனக்கென ஓர் அபிப்பிராயம் உண்டென்று எவரும் காட்டிக்கொள்வதில்லை. ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’டின் பதிப்பாளர் முகவரியில் ஊர்ந்த விரலின் ஆச்சரியம் இவர்களிடம் காணோம். த்ரூஃபோ இதை அறியாமற் செய்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மனனத்தைப் பற்றிக் கொஞ்சம் அறிந்த சமூகத்தவர் நாம். வேதத்தைப் பதம், கிரமம், ஜடை, கனம் என்று முன்னும்பின்னுமாகப் பின்னி ஓதும் முறைகள் ஓர் அட்சரமும் பிசகாமல் காக்க ஏற்பட்டவை. திருமுறைகளை ஓதுவார் மரபு பண்ணோடு சேர்த்துப் பாடி வந்தது. இவ்விரண்டிலும் பொதுவான ஒரு தத்துவம் உண்டு: ஒரு பாடலை அறிந்தவன் ஒருவனல்லன், பலர், ஒருவன் தடுமாறினால் பக்கத்திலிருப்பவன் திருத்துவான். த்ரூஃபோவின் காட்டிலோ ஒரு நூலுக்கு ஓர் ஆள். அவன் சொல் பிறழ்ந்தால் திருத்துவதற்கு ஆளுமில்லை, ஏடுமில்லை; அவன் காய்ச்சலில் இறந்தால் நூலும் இறந்தது. நினைவு நெருப்பை வென்றுவிடும் என்ற ஆறுதலை அப்படியே ஏற்றுக்கொள்ள நம்மால் முடியாமற்போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் மறுபிரதியில்லாதவற்றைத் தலையில் சுமந்துகொண்டு எந்தக் காட்டிலும் எவரும் நடக்கவில்லை.

அப்படியாயின் காட்டுக் காட்சி வீண்தானா? அல்ல என்பதற்குப் படமே ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொண்டு பதிலளிக்கிறது. வயது முதிர்ந்த ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். அவர் சுமப்பது ஸ்டீவன்ஸனின் ‘வியர் ஆஃப் ஹெர்மிஸ்டன்’. கைதிகளுக்குத் தயங்காமல் தூக்குத்தண்டனை விதிக்கும் நீதிபதியான தந்தைக்கும், அத்தண்டனையைப் பகிரங்கமாகக் கண்டிக்கும் மகனுக்குமிடையே மூளும் பகையைச் சொல்லும் அந்நாவலை, ஸ்டீவன்ஸன் 1894இல் ஸமோவா தீவில் இறந்தபோது முடிக்காமலே விட்டுச் சென்றார். எத்தனையோ முழு நூல்கள் இருக்க, முற்றுப்பெறாத ஒன்றை, அதிலும் அதிகாரமே உருவான ஒரு தந்தையைப் பற்றிய ஒன்றை, சாகப்போகும் கிழவரின் வாயில் வைத்தது தற்செயலென்று நான் நம்பவில்லை. அவர் பக்கத்தில் ஒரு சிறுவன். அவர் வரி வரியாகச் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொல்கிறான், தவறுகிறான், அவர் திருத்துகிறார். காட்டில் முணுமுணுக்கும் அத்தனை பேரிலும் செவிசாய்த்துக் கேட்கும் ஒருவரும், கேட்கப்படும் ஒருவருமாக இருப்பவர் இவ்விருவரே. வெள்ளையங்கியில் தனியே உட்கார்ந்திருந்த மோன்டாகின் விரல் இங்கே இரண்டு வாய்களுக்கிடையே நகர்கிறது என்று சொல்லலாம்.

கடைசிக் காட்சியைப் படமாக்கும் சமயத்தில் ஏப்ரல் மாதத்தில் எதிர்பாராமல் பனி விழுந்தது. த்ரூஃபோ படப்பிடிப்பை நிறுத்தாமல் அப்பனியையே காட்சியாக்கிக்கொண்டார். கிழவர் இல்லை. சிறுவன் பனிக்குள் நின்று, பாடத்தைத் தனியாகச் சொல்லிப் பார்க்கிறான். அவனைக் கடந்து, எட்கர் ஆலன் போவின் கதைகளைப் பாதி கற்ற மோன்டாகும் மற்றவர்களும், பல மொழிகளில் முணுமுணுத்தபடி, வெண்மையில் மறைந்தும் வெளிப்பட்டும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.