காவிரிக் கரையில் இரு துறவியர்

திண்டுக்கல் நகரில் மலைக்கோட்டையின் நிழலில் பேகம்பூர்ப் பள்ளிவாசலும் புனித வளனார் ஆலயமும் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளன. வெவ்வேறு நெறியினர் அடுத்தடுத்து வாழ்வது நமக்குப் புதிதன்று. ஆனால், அண்டை வீட்டாரின் ஞான அனுபவத்துக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் செல்லலாம்? சென்றவர் தம் வீட்டையும் காத்துக்கொள்ள இயலுமா? இவ்வினாவுக்கு வாழ்வையே ஈடாக வைத்த இரு பிரெஞ்சுத் துறவியரின் வரலாறு, மணப்பாறைக்கு அப்பால், குளித்தலையில் நிகழ்ந்தது. 2003ஆம் ஆண்டில் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகும் வரை இவ்விரு ஊர்களும் திருச்சி மறைமாவட்டத்தையே சேர்ந்திருந்தன.

மூத்தவர் ஜூல் மோன்சனேன் அடிகள். 1895இல் பிறந்த அவர், 1932இல் கடும் நோயுற்றபோது, பிழைத்தெழுந்தால் இந்தியாவுக்குத் தொண்டாற்றுவதாக நேர்ந்துகொண்டார். 1939இல் இங்கு வந்து, சிற்றூர்களில் ஏழை எளியோரிடையே குருத்துவப் பணி புரிந்தார். இளையவர் ஆன்ரி லெ சோ. 1910இல் பிறந்த பெனடிக்ட் சபைத் துறவி. 1947இல் அவர் திருச்சி ஆயருக்கு எழுதிய கடிதம் மோன்சனேனின் கைக்கு வந்தது. மறு ஆண்டே அவர் தமிழகம் வந்து சேர்ந்தார்.

1950 மார்ச் 21இல் தண்ணீர்ப்பள்ளி மாந்தோப்பில் இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். காவி உடுத்தி, குடிலில் தங்கி, மரக்கறி உண்டு வாழ்ந்தனர். மோன்சனேன் பரம அருபி ஆனந்தம் என்றும், லெ சோ அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர். சாந்திவனம் என மக்கள் அறிவது இவ்விடத்தையே.

இருவரையும் ஒரே தாகம் இணைத்தது. அதுவே பின்னர்ப் பிரிக்கவும் தலைப்பட்டது. 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமணரைக் கண்டது அபிஷிக்தானந்தரின் உள்ளத்தை உலுக்கிவிட்டது. 1952 முதல் அவர் அருணாசலக் குகைகளில் மௌனத்தில் அமர்ந்தார். அத்துவித அனுபவம் உண்மையெனில், படைத்தோன், படைப்பு என்னும் வேறுபாடு என்னாவது? அவர் இறுதிவரை எழுதிய நாட்குறிப்புகள் இந்தத் தவிப்பின் சாட்சியங்கள். மோன்சனேனோ, அத்துவிதக் கடலில் கிறித்துவ நம்பிக்கை கரைந்துபோகுமென அஞ்சினார்.

இந்த வழக்கு நமக்கு அந்நியமானதா? திரித்துவக் கொள்கையில் அவர்களோடு நாம் உடன்படுவதில்லை. எனினும், இப்னு அரபி (1165-1240) வழிவந்தோர் உள்ளமை ஒன்றே என உரைக்க, அந்த ஒருமை காண்பவனின் காட்சியில் உள்ளதேயன்றி உள்ளமையில் அன்று என இமாம் ரப்பானி ஸர்ஹிந்தி (1564-1624) மறுத்ததை நாம் அறிவோம். ஷரீஅத் என்னும் கரை இன்றி ஞான வெள்ளம் ஓடலாமா என்பதே அங்கும் வழக்கு. அதே வழக்கை ஒரே தோப்பில் வாழ்ந்த இரு நண்பர்களிடையே காண்கிறோம்.

உலகக் கணக்கில் மோன்சனேன் தோற்றவரே. நிலையாகத் தங்கிய சீடர் எவரும் அவருக்கு வாய்க்கவில்லை. 1957 அக்டோபர் 10இல் பாரிஸில் மறைந்தார். அபிஷிக்தானந்தர் 1968இல் வடக்கே சென்று, உத்தரகாசியில் தங்கி, 1973 டிசம்பர் 7இல் இந்தூரில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற ஆசிரமத்தை 1968இல் ஏற்ற பீட் கிரிஃபித்ஸ் (1906-1993) உலகறியச் செய்தார்.

இறைவனைத் தொலைவில் தேடாதே. இதயக் குகையில் அவன் சந்நிதியை உணர்ந்திரு என்பதே அபிஷிக்தானந்தரின் போதனைச் சாரம். இடையறாது திருநாமம் உரைத்தலை அவர் வலியுறுத்தியதைப் படிக்கையில், திக்ரு மஜ்லிஸ்களில் அமர்ந்தவர்கள் அதன் பொருளை எளிதில் உணர்வர்.

அவர் எல்லை கடந்துவிட்டார் என்பாரும், மோன்சனேன் தயங்கி நின்றுவிட்டார் என்பாரும் உளர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்றே நாம் கருதுகிறோம். அபிஷிக்தானந்தர் தம் குருத்துவத்தைத் துறந்தவரல்லர். திருப்பலி வழிபாட்டையும் கைவிட்டவரல்லர். மோன்சனேனின் அச்சம், தாம் நேசித்ததை இழந்துவிடலாகாது என்னும் அன்பிலிருந்து பிறந்தது. எளிய விடையால் தம்மை ஏமாற்றிக்கொள்ள இருவருமே மறுத்தனர். எல்லாம் ஒன்றே என மேடையில் முழங்குவதும், பிறரிடம் ஒன்றுமில்லை என ஒதுக்குவதும் எளிது. பிறர் பெற்ற ஒளியை ஒப்புக்கொண்டு, தம் நெறிக்கும் உண்மையாக நிற்பதோ அரிது. அந்த அரிய முயற்சிக்காகவே இவ்விருவரும் நம் மதிப்புக்கு உரியவராகின்றனர்.