எந்தக் குரூப்பு, யார் சொல்வது?

கல்லூரிக்குத் தயாராவது என்றால் பலரும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத்தான் நினைக்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்கு அது ரெண்டு வருசம் முன்னாடியே முடிந்துவிடுகிற காரியம். பத்தாவது தேறி, பதினொன்றில் எந்தக் குரூப்பு என்று எழுதுகிறார்களே, அந்த ஒரு நாளில் டாக்டரா, இன்ஜினியரா, பி.ஏ.வா என்பது தீர்ந்துபோகிறது. அந்தப் பேனா யார் கையில் இருந்தது என்று கேட்டால் நம் கல்வியின் வரலாறு தெரியும்.

இந்த வழக்கம் பழையது. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அம்பேத்கர் சமஸ்கிருதம் எடுத்துப் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பையனுக்குச் சொல்லித்தர ஆசிரியர் மறுத்தார். வேறு வழியில்லாமல் பாரசீகம் படித்தார். பரேலில் ஒற்றை அறைக் குடியிருப்பு. சமையல், படுக்கை எல்லாம் அதிலேயே. பையனை முன்னேரமே தூங்க வைத்து, அப்பா ராம்ஜி கண் விழித்திருந்து, இரவு ரெண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார். 1907இல் மெட்ரிக் தேறினார். 750க்கு 282. பின்னாளில் தன் முயற்சியால் சமஸ்கிருதம் கற்று, அந்த நூல்களையே கேள்விக்கு உட்படுத்தினார்.

தமிழ்நாட்டில் 1978 வரை பதினோரு வருசம் பள்ளிக்கூடம், பிறகு கல்லூரியில் பி.யு.சி. அந்த வருசம் பி.யு.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலை வகுப்புகளைப் பள்ளியில் வைத்தார்கள். கல்லூரியில் நடந்த பாடத்தேர்வு தலைமையாசிரியர் மேசைக்கு வந்தது. தலைமையாசிரியர் பெரும்பாலும் ஊர்க்காரர். சேரிக்காரர் அல்ல.

நான் 1983இல் பதினொன்றாம் வகுப்பில் சேரப் போனேன். கணக்கில் 81. அப்பா அன்றைக்குக் கூலி வேலையை விட்டுட்டு, இருந்த ஒரே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கிட்டு வந்தார். “சாமி, பையன் கணக்கு நல்லாப் போடுவான்” என்றார், நின்றபடியே. தலைமையாசிரியர் மார்க்கைப் பார்த்தார். சாதிச் சான்றிதழைப் பார்த்தார். “சயின்ஸ் குரூப்பெல்லாம் ஒங்காளுங்களுக்கு வராதுப்பா. பெயிலாகி ஸ்கூல் பேரைக் கெடுப்பான். மூணாவது குரூப்புல போடறேன். ஸ்காலர்ஷிப்பு வரும்ல, போதாதா?” அப்பா கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

மறு வருசம், 1984இல், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நுழைவுத் தேர்வு வந்தது. எங்கள் விடுதியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இயற்பியலும் வேதியியலும் படிக்காதவனுக்கு அந்த விண்ணப்பம் எதற்கு? ஒதுக்கீட்டில் இடம் இருந்தது. மனுப்போட எங்களிடம் குரூப்பு இல்லை.

2007இல் நுழைவுத் தேர்வைச் சட்டம் போட்டு நீக்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே போதும் என்றானது. காசு வாங்கும் பள்ளிகள் பல, பதினொன்றின் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டின் பாடத்தையே ரெண்டு வருசம் உருப்போட வைத்தன. அதையும் மீறி நம்ம பிள்ளைகள் வந்தார்கள். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, சுமை தூக்கும் தொழிலாளியின் மகள், 2017இல் 1200க்கு 1176 எடுத்தார். சரியான குரூப்பு, சரியான மார்க்கு. அந்த வருசம்தான் நீட் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. அவர் எடுத்த மார்க்கு மருத்துவ இடத்துக்குச் செல்லாமல் போனது. உச்ச நீதிமன்றம் வரை போனார். செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல்தான் வந்தது. அதற்கும் நீட் எழுதித் தேறியாக வேண்டும். சயின்ஸ் குரூப்பு படித்திருக்க வேண்டும்.

நாம வழியைக் கத்துக்கிட்டதும் வாசலை மாத்துறாங்க. அதை எதிர்த்துப் போராடுகிறோம், போராடுவோம். கூடவே ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிவு வருகிற வாரம், சேரியில் படித்தவர் ஒருத்தர் அந்தப் பிள்ளையோடும் அப்பா அம்மாவோடும் பள்ளிக்குப் போகட்டும். நாற்காலியில் உட்கார்ந்து பேசட்டும். எந்தக் குரூப்பு என்று பிள்ளை சொல்லட்டும்.